மாணவர்களின் ஊருக்குப் போகும் ரயில்

தலைசிறந்த. பாரு, மொத வரியிலயே வந்து உக்காந்துக்கிச்சு. தலைசிறந்த, முன்னணி, ஒழுக்கத்துக்குப் பெயர் பெற்ற, அதுவும் பத்தாம கல்விக் கோயில். ஒரு பள்ளிக்கூடத்தப் பத்தி ரெண்டு வார்த்த எழுதச் சொன்னா கோயிலக் கட்டி, கும்பாபிசேகமும் பண்ணி, சோறும் போட்டுத்தான் உடறாங்க. அட கருமமே. கிரைண்டர்ல உளுந்து எடுத்தாச்சு, அரிசி ஓடிட்டிருக்குது, அது ஆடி முடியறதுக்குள்ள இந்தப் பக்கத்த முடிச்சுப்போட்டு எந்திரிச்சரணும். சனிக்கிழமை மத்தியானம், நான் போற கரண்ட் ஆபீசு லீவு, அவுரு உள்ரூம்ல ஃபேனுக்கு அடியில படுத்திருக்கறாரு, எனக்கு இதுதான் வேல. இந்த இணையக் கலைக்களஞ்சியத்துல ஆரு வேணா எழுதலாம், ஆரு வேணா திருத்தலாம், ஆனா ஒரு பக்கத்த மொத்தமா நீக்கற பொத்தான் எங்கள மாதிரி கொஞ்சப் பேர்த்துக்கிட்டத்தான் இருக்குது. சம்பளமில்ல, ஒண்ணுமில்ல, கெட்ட பேர் மட்டும் இருக்குது. கத்தரிக்கோல் அக்கான்னு எனக்குப் பேரு வெச்சிருக்கறாங்களாம். வெக்கட்டும். முபாரக் தம்பிதான் சொன்னான். ஆம்பூர்ல மெடிக்கல் ஷாப்பு வெச்சிருக்கறவன், மாத்திரை எடுத்துக் கொடுத்துட்டே போன்ல கட்டுரை திருத்தறவன், இதுவரைக்கும் நேர்ல பாத்ததில்ல, ஆனா தினமும் பேசுவான். காலையிலயே கூப்புட்டான். "அக்கா, ஞானக்குன்று உறைவிடப் பள்ளின்னு ஒரு பக்கம். அப்படியே அவங்க வெப்சைட்டத் தூக்கி ஒட்டி வச்சிருக்காங்க, வருசக்கணக்கா யாருமே கவனிக்கல. நீக்கச் சொல்லிப் போட்டுட்டேன், நீங்க பாத்து சரின்னா இன்னிக்கே தூக்கிடலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஹாஸ்டலப் பத்தி எழுதிருக்கறதப் படிங்க. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சிடுச்சு." ஆகட்டும் தம்பீன்னு வெச்சுட்டேன். பேரக் கேட்டதும் கையில இருந்த அரிசிக் கிண்ணத்த எங்க வெச்சேன்னே தெரியல, சித்த நேரம் கழிச்சுப் பாத்தா ஃபிரிட்ஜுக்குள்ள இருக்குது. ஞானக்குன்று. மௌலி படிச்ச பள்ளிக்கூடம். என்ற பையன், நான் பெத்தவன். ஒரு பக்கத்தோட நமக்குச் சம்பந்தம் இருந்தா அதச் சொல்லிப்போட்டு ஒதுங்கிக்கோணும்னு விதி இருக்குது, அந்த விதிக்காக நானே எத்தனையோ பேர்த்தோட மல்லுக்கட்டியிருக்கறேன். சொல்லல. சொன்னா ஏன்னு கேப்பான். அங்க ஆயிரம் பசங்க படிச்சாங்க, இதுல என்ன பெரிய சம்பந்தம், கரண்ட் பில்லுல கையெழுத்துப் போடற மாதிரி பாத்துட்டு அமுத்திட்டுப் போக வேண்டியதுதான்.

மாவத் தள்ளி உட்டுட்டு வந்துட்டேன். கையத் தொடச்சாச்சா, ஆச்சு. மௌலியோட லேப்டாப்பு இது, மாவு பட்டா எனக்கே மனசு ஆகாது. எங்க உட்டேன், கல்விக் கோயில். காற்றோட்டமான வகுப்பறைகள். சுத்திகரிக்கப்பட்ட குடிநீர். தாயினும் சாலப் பரிவுடன் கவனிக்கும் விடுதிக் காப்பாளர்கள். ஆமா, பரிவு. ஒட்டறதுதான் ஒட்டுனாங்க, வெப்சைட்டோட மேல்பட்டையையும் சேத்து ஒட்டிருக்கறாங்க பாரு, முகப்பு, எங்களைப் பற்றி, சேர்க்கை, தொடர்புக்குன்னு. கடைசியில சேர்க்கை நடைபெறுகிறது, உடனே அழைக்கவும். அதுக்கும் கீழ அனைத்து உரிமைகளும் பள்ளிக்கே உரியவைன்னு வேற. திருடன் போலீசுக்கு வெலாசம் எழுதி வெச்சுட்டுப் போன கணக்கா. அந்த வெப்சைட்டும் இப்ப இல்லியாம், புதுசா இங்கிலீசுல பண்ணிட்டாங்களாம், பழசு போன எடம் தெரியலன்னான் முபாரக். பள்ளிக்கூடப் பக்கம்னாலே எல்லாம் இதே கூத்துதான். ஒரு பள்ளிக்கூடமாவது நாங்க சுமாரான பள்ளிக்கூடம், மழை பேஞ்சா நாலாம் வகுப்பு ஒழுகும்னு எழுதுதா? எல்லாம் தலைசிறந்த. அந்த வார்த்தையக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஏன் வருதுன்னு கலைக்களஞ்சியத்துல ஒருத்தருக்கும் தெரியாது. மௌலியோட காலேஜு வாசல்ல கட்டியிருந்த பேனர்ல இருந்துச்சு, எங்கள் தலைசிறந்த மாணவர் மௌலீஸ்வரன்னு. ரெண்டாம் வருசம். மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல காச்சல்னு படுத்தான், டெங்குன்னாங்க, நாங்க உடுமலைல பஸ் ஏறிப் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அட்மிசன் போட்டோவத்தான் பெருசாக்கிப் போட்டிருந்தாங்க, டையெல்லாம் கட்டிக்கிட்டு, அது அவன் மூஞ்சியே இல்ல. இரங்கல் கூட்டத்துல பேசுன வாத்தியாரு அவன் பேரச் சொல்ல ஒவ்வொரு தடவையும் பேனரத் திரும்பிப் பாத்தாரு. பண்பாளர், துடிப்பானவர், ஈடு செய்ய முடியாதவர். எந்தப் பையன் செத்திருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பாரு. அவன் தோசய முறுகலாத்தான் திம்பான், நடக்கறப்ப வலது செருப்பத் தேய்ப்பான், கணக்கு வராது, பொய் சொன்னா காது செவந்துரும், இது ஒண்ணு தெரியுமாய்யா உனக்குன்னு எந்திரிச்சுக் கேக்கணும்னு இருந்துச்சு. அவுரு என்ற முழங்கையப் புடிச்சு அமுத்துனாரு. அன்னைக்கு உக்காந்தவதான். அப்பறம் இந்த லேப்டாப்பத் திறந்து, எங்கயோ ஒரு ஊர்ப் பக்கத்துல 'அழகிய' ஊர்னு இருந்துச்சு, அந்த அழகியங்கறத அழிச்சேன். நெஞ்சுல இருந்து ஒரு கல்ல எடுத்து வெச்சாப்பல இருந்துச்சு. அன்னையில இருந்து அழிச்சுட்டே இருக்கறேன்.

ஹாஸ்டல் எங்க, இந்தா இருக்குது, விடுதி வாழ்க்கைன்னு தலைப்பு. "மாணவர்கள் காலையில் மணி அடித்ததும் எழுந்துவிடுவார்கள்." சரி. "காலை உணவு இட்லி. மாணவர்களுக்கு இட்லி அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் பள்ளியின் சட்னி மிகவும் தரமானது." இதுக்குத்தான் சிரிச்சிருக்கறான் முபாரக். எனக்கும் சிரிப்பு வந்துருச்சு, எவன்டா இது, விளம்பரத்துல போய் இட்லி புடிக்காதுன்னு எழுதுனவன். "ஞாயிற்றுக்கிழமை மாணவர்களின் அம்மா தொலைபேசியில் பேசுவார். நன்றாகப் படிக்கச் சொல்லுவார்." ஊர்ப்பட்ட பசங்களுக்கும் ஒரே அம்மாவாம். "மாலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் ரயில் போவது தெரியும். அந்த ரயில் மாணவர்களின் ஊருக்குப் போகும். மாணவர்கள் அதற்குக் கை காட்டுவார்கள்." கிரைண்டர் ஓடுற சத்தம் கேக்குது. கல்லு வெத்தா உருள்ற சத்தம், மாவத் தள்ளி உடணும், எந்திரிக்கணும். மறுக்காப் படிக்கறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். கை காட்டுவார்கள். அட சாமி. ஏஞ்சாமி. இது மௌலியில்ல? ஏழாவது படிக்கறப்ப ஆண்டு விழாவுக்குக் கட்டுரைப் போட்டி வெச்சாங்கன்னானே, எங்கள் பள்ளின்னு தலைப்பாம், மொதப் பரிசு அவனுக்கு, எவர்சில்வர் டிபன் டப்பா கொடுத்தாங்கன்னானே. என்ன கண்ணு எழுதுனேன்னு கேட்டதுக்கு, "பள்ளிக்கூடத்தப் பத்தி நல்லதா எழுதச் சொன்னாங்கம்மா, எழுதுனேன்" அப்படின்னான். பரிசு கொடுத்த கட்டுரையத்தான் எடுத்து வெப்சைட்டுல போட்டிருக்கறாங்க. நான்னு இருந்த எடத்துலயெல்லாம் மாணவர்கள்னு மாத்திப்போட்டு, முன்னாடியும் பின்னாடியும் கோயிலக் கட்டிப்போட்டாங்க. ஒருத்தரும் படிச்சுக்கூடப் பாக்கல. எனக்கு இட்லி அவ்வளவாகப் பிடிக்காது. எனக்குன்னு போட்டுப் படிச்சா அவன் கொரலு அப்படியே கேக்குது. ஞாயிற்றுக்கிழமை என் அம்மா தொலைபேசியில் பேசுவார். நாந்தான் அது. ஊர்ப்பட்ட பசங்களுக்கும் அம்மாவா அங்க நாந்தான் நின்னுட்டிருக்கறேன், இத்தன வருசமா.

ஞாயித்துக்கிழம வார்டன் ரூமு போன்ல பேச உடுவாங்க. பின்னாடி வரிசைல பசங்க நிப்பாங்க, சீக்கிரம் பேசுடா சீக்கிரம் பேசுடாங்கற சத்தம் கேக்கும். சாப்டயா கண்ணு, சாப்டேன். படிக்கறயா, படிக்கறேன். அப்பறம் என்ன பேசறதுன்னு அவனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அப்பத்தான் சொல்லுவான், "இப்பத்தாம்மா நம்மூரு ரயிலு போச்சு." வாராவாரம் சொல்லுவான். நான் என்ன சொன்னேன்? "ரயிலு பாக்கறதுக்கா உன்னைய அங்க தாட்டி உட்டுது, போய்ப் படிடா" அப்படின்னேன். எல்லா அம்மாவும் அதத்தான் சொன்னா. எங்க ஆபீசுல இருந்த அத்தன பேரும் புள்ளைகள நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு ஹாஸ்டல்லதான் உட்டிருந்தாங்க, டாக்டராக்கோணும்னு. நானும் உட்டேன், அதுக்கு இப்ப ஒப்பாரி வெச்சு என்ன ஆகப்போகுது. ஒண்ணுதான். அந்த வருசங்கள்ல அவன் என்ன பண்ணுனான், எங்க நின்னான், எதப் பாத்தான்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. பத்து வயசு வரைக்கும் என்ற இடுப்புல இருந்தான். அப்பறம் ஹாஸ்டலு. அப்பறம் காலேஜு. அப்பறம் இல்ல. நடுவுல இருந்தது பூராவும் வெறும் சாப்டேன் படிக்கறேன்தான். இப்ப இந்தாட்டத் திடுதிப்புனு ஒரு தண்ணித் தொட்டி கெடச்சிருக்குது. அதுக்குப் பக்கத்துல அரைக்கால் டவுசரு போட்டுட்டு நிக்கறான், கைய ஆட்டறான். அவன் கையெழுத்துல ஒரு காயிதங்கூட எங்கிட்ட இல்ல. ஹாஸ்டல் காலி பண்றப்ப நோட்டெல்லாம் அங்கயே எடைக்குப் போட்டுட்டு வந்துட்டான். இந்த வார்த்தைகதான் இருக்குது, நானே நீக்கறதுக்குன்னு என்ற முன்னாடி வந்து நிக்குது. உள்ள போய் அவுர எழுப்பிச் சொல்லலாமா? எழுப்புனா என்ன பண்ணுவாரு, எந்திரிச்சு உக்காருவாரு, கேப்பாரு, சட்டையப் போட்டுட்டு எங்கயாச்சும் நடந்துட்டு வர்றேன்னு போயிருவாரு. மௌலி பேர எடுத்தா அவுரு நடக்கத்தான் போவாரு. கடசியில பொழுதோட வந்து இட்லி இருக்குதான்னு கேப்பாரு. தூங்கட்டும்.

மாவு நல்லா ஆடிருச்சு, இன்னுஞ்சித்த ஓடட்டும். எப்படியாச்சும் வெச்சுக்கலாம், ரோசன பண்ணு பூங்கோதை, இத்தன விதியப் படிச்சவளாச்சே. பாத்து எழுதுனதுதான் குத்தம், வேற வார்த்தையில மாத்தி எழுதிட்டா இருக்கலாம். மாத்தி எழுதுனா அது மௌலி எழுதுனதாகாதே, போ. எழுதுனவங்க அனுமதி கொடுத்தா அப்படியே வெச்சுக்கலாம்னும் ஒரு விதி இருக்குது. எழுதுனவன்கிட்ட எங்க போய்க் கேக்கறது. நகலெடுத்து எங்கிட்ட வெச்சுக்கலாம், ஆரு கேக்கப் போறா, அது ஒரு நிமிசம். ஆனா இந்தப் பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டுனா அது நான் மட்டும் அழுகறதுக்கு. அங்க இருந்தாத்தான் எவனோ எங்கியோ படிப்பான், சிரிப்பான், முபாரக் சிரிச்சானே வயிறு வலிக்க, மௌலி இப்படித்தான் சிரிக்க வெப்பான். உலகத்துல அவன் ஒரு எடத்துல பேசிட்டிருக்கறான்னா இது ஒண்ணுதான். நாஞ்சரின்னு அமுத்துனா ஆரு தேடுனாலும் கெடைக்காது. இட்லி போகட்டும், அது ஒருத்தனோட வாய்ருசி. அம்மாவும் போகட்டும். ரயிலு மட்டும் ஒரு தகவலுதானே? பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல ரயில் பாதை இருக்குது, அதுல போற வண்டி உடுமலைக்குப் போகுதுன்னு ஒரு சான்று காட்டிட்டா ஒருத்தனும் கை வெக்க முடியாது, நானே காவலுக்கு நிப்பேன். மேப்பத் தொறந்தேன். செயற்கைக்கோள் படத்துல பள்ளிக்கூடம் நல்லாத் தெரியுது, நீளநீளமா கட்டடம், மைதானம், மூலையில வட்டமா ஒண்ணு, தண்ணித் தொட்டி, அதேதான். அதுக்கு அக்கட்டச் சுவரு, சுவத்துக்கு அக்கட்டக் கோடு மாதிரி தண்டவாளம். இருக்குதுடா கண்ணு, இருக்குது, நீ பொய் சொல்லல. வெரல வெச்சுத் தள்ளிட்டே போனேன், காடு, கோழிப்பண்ணக் கூரைக, ஒரு ஏரி, காடு. தண்டவாளம் வளைஞ்சு ஒரு காம்பவுண்டுக்குள்ள போய் நின்னுபோச்சு. சிமெண்டு பேக்டரி. அதோட சரி. திரும்பி இந்தப் பக்கமாத் தள்ளிட்டு வந்தா மெயின் லைன்ல போய்ச் சேருது, அவ்வளவுதான். நெலக்கரி கொண்டுட்டுப் போற கூட்ஸ் வண்டி. கூட்ஸ் வண்டிக்காடா கை காட்டுன? செரி, சின்னப் பையன், தெரியாம நம்மூரு ரயில்னு நெனச்சிருப்பான். அப்படி நெனைக்கறப்பத்தான் இன்னொண்ணு ஞாபகத்துக்கு வருது, வராமயே இருந்திருக்கலாம். அந்த வருசங்கள்ல எங்க ஊருக்கு ரயிலே கெடையாது. அகலப் பாதை போடறோம்னு தண்டவாளத்தப் பேத்துப் போட்டு வெச்சிருந்தாங்க. தீவாளி நோம்பி லீவுக்கு வந்தப்ப அவுருதான் அவன ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போனாரு, பிளாட்பாரத்துல புல்லு மொளச்சு ஆடு மேஞ்சுட்டிருந்துச்சுன்னு வந்து சொல்லிச் சிரிச்சான். அவனுக்குத் தெரியும். நம்மூருக்கு எந்த ரயிலும் போகாதுன்னு தெரிஞ்சேதான் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல போய் நின்னிருக்கறான். தெரிஞ்சேதான் வாராவாரம் எங்கிட்டச் சொல்லியிருக்கறான், நம்மூரு ரயிலு போச்சும்மான்னு. ஊட்டுக்கு வரணும்னு நேராச் சொன்னா வைவேன்னு இப்படிச் சொல்லியிருக்கறான். எனக்குந்தான் தெரியும் ஊருக்கு ரயிலு இல்லேன்னு, ஆபீசுக்குப் போறப்பெல்லாம் அந்தப் பேத்த தண்டவாளத்தத் தாண்டித்தான் போனேன். ஒரு நாளாவது நின்னு, எந்த ரயிலுடா கண்ணுன்னு கேட்டேனா? அன்னைக்குப் போன்ல அவன் காது செவந்திருக்கும். நாம்பாக்கல.

போன் அடிக்குது. முபாரக். எடுக்காம உட்டா திரும்ப அடிப்பான். கிரைண்டர நிறுத்திட்டு எடுத்தேன், நிறுத்துனதும் ஊடே என்னமோ காலியாப் போச்சு. "அக்கா, படிச்சீங்களா?" படிச்சேன் தம்பி. "ஒரே அம்மாவாம்க்கா எல்லாப் பசங்களுக்கும்!" அப்படின்னு மறுக்கா சிரிச்சான். நானும் சிரிச்சேன்னுதான் நெனைக்கறேன், சத்தம் எப்படி வந்துச்சோ தெரியல. அவன் கடையில ஆரோ காச்சல் மாத்திரை கேக்கறாங்க, மூணு வேளையும் சாப்பாட்டுக்கப்புறம் போடுங்கங்கறான், அப்பறம் எனக்கு வந்தான். "அக்கா, ஒண்ணு சொல்லட்டா, திட்டக் கூடாது. மத்ததெல்லாம் தூக்கிடுங்க. அந்த ரயில் வரி மட்டும் இருக்கட்டுமே? அது விளம்பரம் இல்ல பாருங்க. காலையில சிரிச்சேன், அப்புறம் கடையில உக்காந்து திரும்பத் திரும்ப அதையே நினைச்சிட்டிருக்கேன். மனசு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. யாரோ வீட்ட நினைச்சு எழுதின மாதிரி இருக்குக்கா. நான் எங்கயாச்சும் ஆதாரம் தேடித் தரட்டா?" இத்தன நாளா என்னோட வேல பாக்கறான், ஒரு வரிய உடச் சொல்லி அவன் கேட்டதே இல்ல. சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க, கத்தரிக்கோல் அக்காவே உட்டுட்டாங்கன்னா அதுல என்னமோ நியாயம் இருக்கும்னு போயிருவாங்க. மௌலி அங்கயே நிப்பான், கை காட்டிட்டு, நான் கண்ண மூடற வரைக்கும். அதுக்கப்பறமும். ஆனா அவன் ஊட்டுக்கு வரணும்னு சொன்னது இந்தப் பள்ளிக்கூடத்தோட பெருமையாத்தானே அங்க நிக்குது, தலைசிறந்தங்கறதுக்குக் கீழ, சேர்க்கை நடைபெறுகிறதுக்கு மேல. பேனர்ல டை கட்டி வெச்ச மாதிரி. வேண்டாஞ்சாமி, அங்க நிக்க வேண்டாம், எறங்கி வா. "வேண்டா தம்பி," அப்படின்னேன். "அது தப்பு. நாம்பாத்துட்டேன். அந்த ரயிலு எங்கூருக்கு வராது." நீக்குன்னு இருந்த பொத்தான அமுத்துனேன், நிச்சயமான்னு கேட்டுச்சு, மறுக்கா அமுத்துனேன். "உங்க ஊருக்கா?" அப்படிங்கறான். "ராசிபுரம் பக்கமில்ல அந்த ஸ்கூலு, உங்க ஊருக்கு எதுக்குக்கா வரணும்?" கடையில நிக்கறவங்ககிட்ட, ஒரு நிமிசம் இருங்க பாய்னு மெதுவாச் சொல்றது கேக்குது. "அக்கா. யாருக்கா எழுதினது?" ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் தெரியும், இந்தக் கலைக்களஞ்சியத்துல ஒருத்தருக்கும் தெரியாது, அங்க மட்டுமாவது நான் வெறும் கத்தரிக்கோலா இருந்துக்கலாம்னு இருந்தேன். "என்ற பையந்தான் தம்பி. மௌலின்னு பேரு. ஏழாவது படிக்கறப்ப எழுதுனது, இப்ப இல்ல அவன்," அப்படின்னேன். அந்தப் பக்கம் அவன் கடைய உட்டு வெளிய வந்துட்டான் போல, ரோட்டுல வண்டிக போறது கேக்குது. நாந்தான் கேட்டேன். "நல்லா எழுதிருக்கறானில்ல?"